கண்ணாடி இல்லாமல் பார்த்த தரங்கம்பாடி

தரங்கம்பாடியில் ரயிலை விட்டு இறங்கி ஒரு மணி நேரம்கூட ஆகவில்லை. அப்பாவின் மூக்குக்கண்ணாடியைக் கடல் கொண்டுபோய்விட்டது.

அது வாசிக்கும்போது மட்டும் போட்டுக்கொள்கிற கண்ணாடி இல்லை. அப்பாவுக்கு இரண்டு கண்களிலும் புரை விழுந்து, நாலைந்து வருஷம் ஏறக்குறையப் பார்வை இல்லாமலேதான் இருந்தார். மதுரையில் ஒரு ஆஸ்பத்திரியில் ஒவ்வொரு கண்ணாக ஆப்பரேஷன் செய்து, சோடா பாட்டிலின் அடிப்பாகம்போலக் கனமான கண்ணாடி ஒன்றைக் கொடுத்தார்கள். அது மூக்கின்மேல் இருந்தால் கடைத்தெருக் கோடியில் வருகிறவர் யாரென்று சொல்லிவிடுவார். கழற்றினால், எதிரே நிற்கிற எனக்கும் சுவரில் சாய்த்து வைத்த சாக்கு மூட்டைக்கும் அவருக்கு வித்தியாசம் தெரியாது. வெளிச்சம் தெரியும், நிறம் மங்கலாகத் தெரியும், அவ்வளவுதான்.

தேனி கடைத்தெருவில் எங்களுக்கு இரும்புச் சாமான் கடை இருந்தது. மண்வெட்டி, கலப்பைக் கொழு, கதவுக் கீல், ஆணி, வாளி. கண் தெரியாத வருஷங்களிலும் அப்பா கடைக்குப் போவதை நிறுத்தவில்லை. ஆணியை இரண்டு விரலில் உருட்டிப் பார்த்தே எத்தனை அங்குலம் என்று சொல்வார். கொழுவைத் தட்டி ஓசையைக் கேட்டே நல்ல இரும்பா, உடையுமா என்று சொல்வார். அவரால் முடியாமல் போனது வாசிப்பது ஒன்றுதான். அது அவரை வருத்தியது. மாலை வேளைகளில் நான்தான் அவருக்கு வாசித்துக் காட்டுவேன். நான் அப்போது பெண்கள் மிஷன் பள்ளிக்கூடத்தில் டீச்சர். வயது இருபத்துமூன்று.

அப்பா பிறப்பால் கிறிஸ்தவர் இல்லை. மயிலாடும்பாறையில் சம்சாரி வீட்டுப் பிள்ளை. தேனிக்கு இரும்புக்கடை வேலைக்கு வந்த இடத்தில் ஒரு உபதேசியாரின் பழக்கம் ஏற்பட்டு, பத்தொன்பது வயதில் ஞானஸ்நானம் வாங்கிக்கொண்டார். அன்றைக்கு அவருக்குக் கொடுத்த புதிய ஏற்பாட்டை உபதேசியார் கையில் வைத்துக்கொண்டு, "இது முதல்முதல்லத் தமிழ்ல அச்சான ஊரு தரங்கம்பாடி. கடலோரத்துல இருக்கு" என்று சொன்னாராம். அதிலிருந்து அந்த ஊர் அப்பா மனதில் விழுந்துவிட்டது. டென்மார்க்குக்காரர்கள் கட்டிய கோட்டை, ஜெர்மனியிலிருந்து வந்து தமிழ் படித்த இளம் பாதிரியின் கல்லறை, அச்சுக்கூடம் இருந்த வீடு என்று ஒவ்வொன்றையும் பற்றிக் கேட்டுக் கேட்டுத் தெரிந்து வைத்திருந்தார். முதலில் கையில் வசதி இல்லை. பிறகு கடை. பிறகு கண். கண்ணாடி வந்ததும் அவர் சொன்ன முதல் வார்த்தை, "மே மாசம் ஒனக்கு லீவுதான? தரங்கம்பாடி போயிட்டு வந்துருவோம்" என்பதுதான்.

போடி ரயில் ஓட ஆரம்பித்து அப்போது சில வருஷங்கள்தான் ஆகியிருந்தன. அம்மாவுக்கு ரயில் ஒத்துக்கொள்ளாது, குமட்டும். கடையைப் பார்த்துக்கொள்கிறேன், நீங்கள் போங்கள் என்று சொல்லிவிட்டாள். நாங்கள் இரண்டு பேரும்தான் புறப்படுவதாக இருந்தது. புறப்படுகிற அன்று காலையில் அத்தை வந்து நின்றாள்.

அத்தை என்றால் அப்பாவின் ஒரே அக்கா. அப்பாவைவிட ஐந்து வயது மூத்தவள். மயிலாடும்பாறையில் நிலத்தைத் தானே பார்த்துக்கொண்டிருந்தாள். மாமா இறந்து ஒரு வருஷம் ஆகியிருந்தது. அப்பா வேதத்தில் சேர்ந்தபோது வீட்டில் எல்லோரும் அவரைத் தலைமுழுகிவிட்டார்கள். அத்தை மட்டும் ஆள் மூலமாக மொச்சையும் நிலக்கடலையும் அனுப்பிக்கொண்டிருந்தாள். அப்பாவின் கலியாணத்துக்கும் வந்தாள். ஆனால் தேவாலயத்துக்குள் வரவில்லை. வெளியே புங்கமரத்தடியில் நின்றிருந்துவிட்டு, பொண்ணும் மாப்பிள்ளையும் வெளியே வந்ததும் இருவர் கையிலும் ஒரு தேங்காயைக் கொடுத்துவிட்டுப் போய்விட்டாளாம். அதை அம்மா சொல்லித்தான் எனக்குத் தெரியும்.

"கடலுக்குப் போறீகளாம்ல. நானும் வாரேன்" என்றாள் அத்தை. கையில் துணிப்பை. இடுப்பில் சுருக்குப்பை. பயணத்துக்கு ஆயத்தமாகவே வந்திருந்தாள்.

"கடலுக்கு இல்லக்கா. தரங்கம்பாடிக்கு."

"அங்கன கடலு இருக்கா, இல்லையா?"

"இருக்கு."

"அப்ப சரிதேன். அறுவது வயசாச்சு. ஒரு தரம் பாத்துப்புடணும்."

மதுரையில் வண்டி மாறி, மாயவரத்தில் மறுபடியும் மாறி, மறுநாள் காலை எட்டு மணிக்குத் தரங்கம்பாடியில் இறங்கினோம். அந்தச் சின்ன ரயிலில் எங்கள் பெட்டியில் இருந்தவர்கள் எங்கள் பேச்சைக் கேட்டுச் சிரித்துக்கொண்டே வந்தார்கள். அத்தை "அங்கன, இங்கன" என்று சொல்லும்போதெல்லாம் ஒரு பெண் வாயைப் பொத்திக்கொண்டாள். அத்தை அதைக் கவனித்துவிட்டு, அந்தப் பெண்ணிடம் வேண்டுமென்றே இன்னும் நாலு தடவை சொன்னாள்.

அப்பா ஒரு காகிதத்தில் எதை எந்த வரிசையில் பார்க்க வேண்டும் என்று எழுதி வைத்திருந்தார். முதலில் ஊர் வாசல். பிறகு ராஜ வீதி, தேவாலயம், கல்லறைகள், அச்சுக்கூடம், கோட்டை. கடல் கடைசியில் இருந்தது. ஊர் வாசல் என்பது வெள்ளை அடித்த பெரிய வளைவு. அதைத் தாண்டினால் தெரு நேராகக் கிழக்கே போகிறது. இரண்டு பக்கமும் பழைய காலத்து வீடுகள், உயரமான தூண்கள். தெருவின் கோடியில் வீடும் இல்லை, மரமும் இல்லை. வானத்துக்கும் தெருவுக்கும் நடுவில் ஒரு நீலக்கோடு மட்டும் தெரிந்தது.

அத்தை வாசலில் நின்று அந்த நீலக்கோட்டைப் பார்த்தாள். "அதுதான?" என்றாள். பதிலுக்குக் காத்திருக்கவில்லை. சேலையைத் தூக்கிச் செருகிக்கொண்டு நடக்க ஆரம்பித்துவிட்டாள்.

"அக்கா, நில்லு. மொதல்ல இத பாத்துட்டு" என்று அப்பா கூப்பிட்டார். அவள் திரும்பவில்லை. வயலில் மாடு இறங்கிவிட்டது என்று கேள்விப்பட்டால் எப்படிப் போவாளோ அப்படிப் போனாள். அவளை அந்நிய ஊரில் தனியே விடமுடியாது. அப்பா முணுமுணுத்துக்கொண்டே பின்னால் போனார். இரண்டு பக்கமும் அவர் பார்க்க ஏங்கிய கட்டடங்கள் இருந்தன. அவற்றைத் திரும்பி வரும்போது நிதானமாகப் பார்த்துக்கொள்ளலாம் என்று அவர் தலையைக்கூடத் திருப்பவில்லை. இப்போது நினைத்தாலும் எனக்கு வருத்தம் அதுதான். அந்தத் தெருவில் கண்ணாடியோடு அவர் ஒருமுறை நடந்தார். ஆனால் அக்காவின் முதுகைத்தான் பார்த்துக்கொண்டு நடந்தார்.

கடலைப் பார்த்ததும் மூன்று பேரும் நின்றுவிட்டோம். நானும் அதுவரை பார்த்ததில்லை. எங்கள் பக்கம் எந்தத் திசையில் திரும்பினாலும் மலை இருக்கும்; பார்வை போய் முட்டிக்கொண்டு நிற்கும். இங்கே முட்டுவதற்கு ஒன்றும் இல்லை. எனக்குக் கொஞ்சம் தலை சுற்றியது.

அத்தை கணுக்கால் தண்ணீரில் நின்றுகொண்டு, "உப்பாம்ல? நெசந்தானா?" என்றாள். அப்பா செருப்பைக் கழற்றிவிட்டு இறங்கினார். குனிந்து உள்ளங்கையில் தண்ணீரை அள்ளி வாயருகே கொண்டுபோனார். அந்த நேரத்தில் ஒரு அலை வந்தது. பெரிய அலையென்றுகூடச் சொல்லமுடியாது. குனிந்து நின்றவரைச் சாய்ப்பதற்கு அது போதும். முழங்கால் போட்டு விழுந்தார். நான் ஓடிப்போய்த் தோளைப் பிடித்துத் தூக்கியபோது முகம் வெறுமையாக இருந்தது. இரண்டு கைகளாலும் முகத்தைத் தடவிப் பார்த்தார்.

"கண்ணாடி" என்றார்.

நானும் அத்தையும் தண்ணீரில் கைவிட்டுத் துழாவினோம். மணல் கால்களுக்கு அடியிலிருந்து ஓடிக்கொண்டே இருந்தது. சற்றுத் தள்ளி வலையை உதறிக்கொண்டிருந்த மீனவர்கள் இரண்டு பேர் ஓடிவந்தார்கள். விஷயத்தைச் சொன்னதும் அவர்கள் தண்ணீரில் முங்கி அரை மணி நேரம் தேடினார்கள். சிப்பிதான் கிடைத்தது.

"எந்த ஊருங்க?" என்றார் ஒருவர்.

"தேனிங்க. மதுரைக்கு மேக்க."

"சாயங்காலம் ஒதுங்கினாலும் ஒதுங்கும். பாத்தா எடுத்து வைக்கிறோம். போறப்ப வந்து கேளுங்க" என்றார். கேட்க ஆறுதலாக இருந்தது. அவருக்கே அதில் நம்பிக்கை இல்லை என்பதும் தெரிந்தது.

அப்பா மணலில் உட்கார்ந்திருந்தார். வேட்டி நனைந்து ஒட்டிக்கொண்டிருந்தது. கோபம் வந்தால் கத்துகிறவர் இல்லை அவர். சத்தம் போடாமல் சொல்வார், அதுதான் குத்தும். "ஒன்னையக் கூட்டியாந்ததுதேன் தப்பு" என்றார். "நாங்க ரெண்டு பேரு மட்டும் வந்திருந்தா, இன்னேரம் பாதி ஊரப் பாத்திருப்பேன்."

அத்தை போய்ப் பத்தடி தள்ளி உட்கார்ந்துகொண்டாள். நான் நடுவில் நின்றேன். சாயங்காலம்தான் ரயில். அப்பா ஸ்டேஷனுக்குப் போய் உட்கார்ந்துகொள்ளலாம் என்றார். பார்க்காத ஊரில் எதற்கு வெயிலில் அலைய வேண்டும் என்றார். இத்தனை தூரம் வந்து, இத்தனை வருஷம் காத்திருந்து, ஸ்டேஷன் பெஞ்சில் உட்கார்ந்துவிட்டுப் போவதா என்று எனக்கு அழுகை முட்டியது.

கொஞ்ச நேரம் கழித்து அத்தை எழுந்து வந்தாள். அப்பாவின் கையைப் பிடித்தாள்.

"ஏந்திரிலே."

"எதுக்கு?"

"ஒனக்கு என்னென்ன பாக்கணும்? அந்தச் சீட்ட இந்தப் புள்ள படிக்கட்டும். நான் பாத்துச் சொல்றேன். எங் கண்ணுல பூ விழல, பொறை விழல. ஏந்திரி."

அப்பா உட்கார்ந்தே இருந்தார். அத்தை கையை விடவில்லை. கடைசியில் எழுந்தார். கையைப் பிடித்து இழுத்துக்கொண்டிருக்கிற அக்காவோடு மணலில் உட்கார்ந்து மல்லுக்கட்டுவதைவிட நடப்பது மேல் என்று நினைத்திருக்கலாம்.

முதலில் ஊர் வாசலுக்கே திரும்பினோம். வரிசை மாறக்கூடாது என்பதில் அப்பா பிடிவாதமாக இருந்தார். வளைவின் கீழ் நின்றதும் கதவைத் தேடிக் கையை நீட்டினார். கீலைத் தடவினார். ஆணியின் தலையைப் பெருவிரலால் சுற்றிப் பார்த்தார். நகத்தால் சுரண்டினார். "அடிச்சு எடுத்த இரும்பு. வார்ப்பு இல்ல" என்றார். "உப்புக் காத்து தின்னுருக்கு. அப்டியும் உள்ள கெட்டியா இருக்கு பாரு." முகம் சற்றுத் தெளிந்தது. கடைக்கு வந்த சரக்கைப் பார்க்கிற முகம் அது.

பிறகு தெரு. நான் காகிதத்தைப் படிப்பேன். அத்தை சொல்லிக்கொண்டு வருவாள். அவள் சொல்கிற விதம் எனக்கு முதலில் எரிச்சலாக இருந்தது. "சொவரு நம்ம கம்மாக் கரை அகலம் இருக்கு தம்பி. வாசப்படி ஏழு. தூணு ஒண்ணு ஒண்ணும் ரெண்டாள் சேந்து கட்டிப் பிடிக்கணும். காரை பேந்து செங்கல்லு தெரியுது. செங்கல்லு சின்னச் செங்கல்லு, நம்மூருது மாதிரி இல்ல. மாடியில ஒரு பொம்பள அப்பளம் காயப்போடுது." நான் சொல்லியிருந்தால் பழமையான மாளிகை என்று ஒரே வார்த்தையில் முடித்திருப்பேன். அப்பாவோ ஒவ்வொன்றுக்கும் தலையை ஆட்டினார். "சன்னலு எப்டி?" என்பார். "மரச் சட்டம். பச்சைச் சாயம் போயி சாம்பலாக் கெடக்கு. கம்பி இல்ல" என்பாள். "கம்பி இல்லையா?" என்று ஆச்சரியப்படுவார்.

தேவாலயத்தின் காவல்காரர் வயதானவர். தேனியிலிருந்து வந்திருக்கிறோம் என்றதும் சாவியை எடுத்துவந்து திறந்துவிட்டார். வாசலில் படிகள் இருந்தன. அத்தை படிக்கு முன்னால் நின்றுவிட்டாள்.

அவள் ஏன் நின்றாள் என்று எனக்குப் புரிந்தது. அப்பாவுக்கும் புரிந்திருக்க வேண்டும். அவர் அவளுடைய கையை விட்டுவிட்டு, "நீ இங்கனயே இரு. புள்ள கூட்டிட்டுப் போகும்" என்றார்.

அத்தை என்னைப் பார்த்தாள். படியைப் பார்த்தாள். "இதுக்கு என்ன சொல்லத் தெரியும்? ஸ்லேட்டுல எழுதிப்போடத்தேன் தெரியும்" என்று என்னைக் காட்டிச் சொல்லிவிட்டு, செருப்பைக் கழற்றி ஓரமாக வைத்தாள். "பைய வா. மொதப் படி ஒசரம்" என்று அவருடைய கையைப் பிடித்து உள்ளே அழைத்துப்போனாள்.

உள்ளே குளிர்ச்சியாக இருந்தது. அத்தை நடுவில் நின்று நாலாபுறமும் பார்த்தாள். "சாமி எங்க?" என்று காவல்காரரைக் கேட்டாள். அவர் பீடத்தைக் காட்டினார். "வெறும் பெஞ்சாக் கெடக்கு தம்பி. மேல கூரை ஒசரம். ஒரு எலி ஓடுனாச் சத்தம் கேக்கும்போல. சுத்தமா வச்சிருக்காக. நம்மூருக் குலுக்கை உள்ள எறங்கி நின்னா எப்டி இருக்கும், அப்டி இருக்கு" என்றாள். குலுக்கை என்றால் தானியம் கொட்டி வைக்கிற மண் கூடு. அப்பா சத்தமாகச் சிரித்தார். அன்று முதல்முறையாகச் சிரித்தது அப்போதுதான். சிரித்த சத்தம் கூரையில் பட்டுத் திரும்பியது.

பாதிரியின் கல்லறை உள்ளேயேதான் இருந்தது. அப்பா அதன் அருகில் முழங்கால் போட்டு ஜெபம் பண்ணினார். அத்தை சுவரோரம் நகர்ந்து நின்றுகொண்டாள். வெளியே வேறு கல்லறைகள் இருந்தன. "படி" என்றார் அப்பா என்னிடம். நான் குனிந்து பார்த்தேன். எழுத்துகள் ஆங்கில எழுத்துகள்தான். ஆனால் பாஷை ஆங்கிலம் இல்லை. ஒவ்வொரு எழுத்தாகக் கூட்டினாலும் வார்த்தை வரவில்லை.

"படிக்கத் தெரியலப்பா. வேற பாஷை."

"டீச்சருக்கே தெரியலையா?"

"அவுக நாட்டுப் பாஷைப்பா."

அப்பா எழுத்துகளை விரலால் தடவினார். "எங்கிட்டோ பொறந்து இங்கன வந்து கெடக்காக. பேரு என்னன்னு கூட நமக்குப் படிக்கத் தெரியல" என்றார்.

மத்தியானம் ஒரு பூவரசமரத்து நிழலில் கட்டுச்சோற்றைப் பிரித்தோம். அத்தை புளிச்சோறும் துவையலும் கொண்டுவந்திருந்தாள். இரண்டு நாளுக்கு மூன்று பேருக்கு என்று அளந்து கட்டியிருந்தாள். அப்படியானால் தன்னை அழைத்துப்போக மாட்டோம் என்று அவள் ஒரு நிமிஷமும் நினைத்திருக்கவில்லை. பக்கத்து வீட்டிலிருந்து ஒரு அம்மாள் செம்பில் மோர் கொண்டுவந்து கொடுத்தார். அவரிடம்தான் அச்சுக்கூடம் இருந்த வீடு எது என்று கேட்டோம். அவர் ஒரு வீட்டைக் காட்டினார். அங்கே போனபோது, இல்லை, அடுத்த தெரு என்று ஒருவர் சொன்னார். அடுத்த தெருவில் ஒரு வாத்தியார், அதுவும் இல்லை, அதோ அது என்று மூன்றாவது வீட்டைக் கைகாட்டினார். மூவருமே உறுதியாகத்தான் சொன்னார்கள்.

"மூணுலயும் நின்னுருவோம்" என்றார் அப்பா. "ஏதாச்சும் ஒண்ணு சரியா இருக்கும்ல."

ஒவ்வொரு வீட்டின் முன்னாலும் துண்டைத் தோளிலிருந்து எடுத்துக் கையில் வைத்துக்கொண்டு நின்றார். முதலாவது வீட்டில் ஒரு நாய் எங்களைப் பார்த்துக் குரைத்தது. இரண்டாவது வீட்டில் ஆள் இல்லை. மூன்றாவது வீடு பூட்டிக் கிடந்தது; வீட்டுக்காரர்கள் வெளியூர் போயிருப்பதாகச் சொன்னார்கள். ஒரு ஜன்னல் மட்டும் பாதி திறந்திருந்தது.

"உள்ள தெரியுதா? எந்திரம் ஏதாச்சும் இருக்கா?" என்று கேட்டார் அப்பா. குரலே மாறிவிட்டது.

நானும் அத்தையும் ஜன்னலில் எட்டிப் பார்த்தோம். இருட்டு. கண் பழகியதும் ஒரு உடைந்த கட்டில் தெரிந்தது. அதன் மேல் சாக்கு போட்டு மூடிய எதுவோ குவியலாக இருந்தது. நெல்லாக இருக்கலாம், தேங்காய் மட்டையாக இருக்கலாம். இல்லை என்று சொல்ல நான் வாயைத் திறந்தேன்.

"இருக்கு தம்பி" என்றாள் அத்தை. "பெருசா. சாக்குப் போட்டு மூடி வச்சிருக்காக."

அப்பாவின் கண்களிலிருந்து தண்ணீர் வழிந்தது. வெயிலுக்கு இருக்கும் என்று நானாகச் சொல்லிக்கொண்டேன். ஆப்பரேஷன் செய்த கண் வெயிலில் கலங்கும் என்று டாக்டர் சொல்லியிருந்தார்.

"மரமா, இரும்பா?" என்றார்.

அத்தை மறுபடியும் ஜன்னலில் எட்டிப் பார்த்தாள். அப்பா என் பக்கம் திரும்பினார். நான் மிஷன் பள்ளிக்கூடத்தில் ஒவ்வொரு காலையிலும் பிள்ளைகளுக்குப் பொய் சொல்லக்கூடாது என்று சொல்லிக்கொடுக்கிறவள். "மூடியிருக்குப்பா. தெரியல" என்றேன். அது பொய்யில்லை. ஆனால் உண்மையும் இல்லை. திரும்பி நடக்கும்போது அத்தையின் முகத்தைப் பார்த்தேன். அவள் என்னைப் பார்க்கவில்லை.

கோட்டைக்குள் எங்களை விடவில்லை. யாரோ அதிகாரி வந்து தங்கியிருக்கிறார், நாளைக்கு வாருங்கள் என்றார் வாசலில் நின்ற ஆள். நாளைக்கு எங்களுக்கு ஏது? அத்தை அவரிடம் கொஞ்சம் வாக்குவாதம் செய்து பார்த்தாள். அவர் அவள் பேச்சில் பாதி புரியாமல் சிரித்தாரே தவிர வழி விடவில்லை. வெளியே மணலில் பீரங்கி ஒன்று கிடந்தது. அப்பா அதை ஒரு முனையிலிருந்து மறுமுனை வரை தடவினார். வெயிலில் சுட்டது, துண்டைச் சுற்றிக்கொண்டு தடவினார். வாய்க்குள் கையை விட்டுக் கனம் பார்த்தார். "வார்ப்பு. ஒரே வார்ப்பு. ஒரு பொக்கு இல்ல" என்று சொல்லி எழுந்தார். ஊரிலேயே அவருக்கு முழுத் திருப்தி தந்தது அந்தப் பீரங்கிதான் என்று நினைக்கிறேன்.

கோட்டைக்கு வடக்கே கடலை ஒட்டி ஒரு சிவன் கோயில் இருந்தது. பாதியைக் கடல் தின்றுவிட்டது. கருங்கற்கள் தண்ணீரில் கிடந்தன. அலை அவற்றின் மேல் ஏறி இறங்கியது. அத்தை அதைப் பார்த்ததும் சுருக்குப்பையிலிருந்து கற்பூரத்தை எடுத்தாள். அது அவளிடம் இருந்தது அதுவரை எங்களுக்குத் தெரியாது. அப்பா, "போய்ட்டு வா. நாங்க இங்கன நிக்கிறோம்" என்றார். அவள் போய் உடனே திரும்பினாள்.

"சாத்திருக்கு. பூசாரி பொழுதடையத்தேன் வருவாகளாம். அதுக்குள்ள நம்ம ரயிலு போயிரும்."

வெளியே ஒரு கல்லின் மேல் கற்பூரத்தை வைத்து ஏற்றப் பார்த்தாள். காற்று விடவில்லை. மூன்றாவது குச்சியும் அணைந்தது. அப்பா காற்று வருகிற பக்கமாகப் போய், துண்டை இரு கைகளாலும் விரித்துப் பிடித்துக்கொண்டு நின்றார். கற்பூரத்துக்கு முதுகைக் காட்டிக்கொண்டு, கடலைப் பார்த்து நின்றார். கொஞ்ச நேரம் எரிந்தது. அத்தை கும்பிட்டாள்.

பிறகு அவள் அங்கே வலை பின்னிக்கொண்டிருந்தவரிடம், வருஷத்துக்கு எவ்வளவு மண் போகிறது என்று கேட்டாள். "எங்கப்பா காலத்துல அந்தக் கல்லு வரைக்கும் தேர் ஓடுற தெரு இருந்துச்சுன்னு சொல்வாங்க" என்று அவர் தண்ணீருக்குள் கிடந்த ஒரு கல்லைக் காட்டினார். அத்தை அந்தத் தூரத்தைக் கண்ணால் அளந்தாள். "ரெண்டு குறுக்கம் இருக்கும்" என்றாள் என்னிடம், எங்கள் பக்கத்து நிலக் கணக்கில். நிலத்தை இழந்த ஒருவர் வீட்டில் துக்கம் கேட்டுவிட்டு எழுவதுபோல எழுந்துவந்தாள்.

சாயங்காலம் மீனவர்களிடம் போய்க் கேட்டோம். கண்ணாடி ஒதுங்கவில்லை. ரயிலேறினோம். மதுரையில் ஒரு நாள் தங்கி, ஆஸ்பத்திரியில் புதுக் கண்ணாடிக்குச் சொல்லிவிட்டு ஊர் வந்து சேர்ந்தோம்.

அதற்குப் பிறகு அப்பா தரங்கம்பாடியைப் பற்றிப் பேசாத நாள் குறைவு. கடைக்கு வருகிறவர்களிடம் சொல்வார், ஆராதனை முடிந்து நிற்கிறவர்களிடம் சொல்வார். தூண் இரண்டாள் கட்டிப்பிடிக்கும், வாசற்படி ஏழு, ஜன்னலுக்குக் கம்பி கிடையாது என்பார். அத்தையின் வார்த்தைகள் அத்தனையும் அவர் கண்ணால் கண்டதாகவே வரும். அச்சு எந்திரத்தைச் சாக்குப் போட்டு மூடி வைத்திருக்கிறார்கள் என்பதையும் சொல்வார். நான் அந்த இடத்தில் எழுந்து உள்ளே போய்விடுவேன்.

இரண்டு வருஷம் கழித்து எங்கள் போதகர் தரங்கம்பாடி போய் வந்தார். ஞாயிற்றுக்கிழமை ஆராதனை முடிந்ததும் அப்பாவைத் தேடி வந்து, "ஊரெல்லாம் சுத்திட்டேன். அச்சு எந்திரம்னு அங்க ஒண்ணும் இல்லையே. அந்தக் காலத்துலயே போயிருச்சுன்னு சொன்னாங்க" என்றார்.

"மூணாவது வீட்டுக்குப் போனீகளா?"

"போனேன். அங்க ஒரு வக்கீல் குடியிருக்கார். அவர் சின்னப் பிள்ளையிலயிருந்து அந்த வீட்டுலதான் இருக்காராம். எந்திரம் எதையும் பாத்ததே இல்லையாம்."

அப்பா என்னைப் பார்த்தார். நான் தரையைப் பார்த்தேன். அடுத்த சனிக்கிழமை, "மயிலாடும்பாறைக்குப் போவோம்" என்றார். ஆண்டிபட்டி வரை ரயிலில் போய், அங்கிருந்து மாட்டு வண்டியில் போனோம்.

அத்தை களத்தில் நிலக்கடலை காயவைத்துக்கொண்டிருந்தாள். அப்பா நின்றபடியே கேட்டார்.

"அக்கா, அன்னைக்கி அந்த வீட்டுக்குள்ள எந்திரத்தப் பாத்தியா, பாக்கலையா?"

"எந்த வீடு?"

"தரங்கம்பாடியில. சன்னல்ல எட்டிப் பாத்தேல்ல."

அத்தை கடலையைக் கிளறுவதை நிறுத்தவில்லை. "சாக்குப் போட்டு மூடி ஒண்ணு கெடந்துச்சு. நீ எந்திரம் இருக்கான்னு கேட்ட. இருக்குன்னேன். எந்திரம்னா எப்டி இருக்கும்னு நான் என்னத்தக் கண்டேன்? நீ காட்டியிருக்கியா?"

"இருக்குமோ இருக்காதோன்னு சொல்லலாம்ல?"

"நீ மொகத்த வச்சிக்கிட்டு நின்ன நெலமைக்கு வேற என்னத்தச் சொல்ல?"

அப்பா உட்கார்ந்து சிரிக்க ஆரம்பித்தார். அத்தைக்கு முதலில் கோபம் வந்தது, பிறகு அவளும் சிரித்தாள். நான் அங்கே நின்று, அது எந்திரம் இல்லை என்று எனக்கும் தெரியும் என்று ஒப்புக்கொண்டேன். "தெரியும்னு எனக்குத் தெரியும்" என்றார் அப்பா. "ஒனக்குப் பொய் சொன்னாத் தொண்டை கரகரக்கும்."

அன்று சோறு சாப்பிட்டுவிட்டுத்தான் அத்தை எங்களை விட்டாள். அதற்குப் பிறகு மாதம் ஒரு முறையாவது அப்பா மயிலாடும்பாறைக்குப் போய்வர ஆரம்பித்தார். இரண்டாவது உலக யுத்தத்துக்கு இரும்பு வேண்டுமென்று போடி லைன் தண்டவாளத்தைப் பிடுங்கிக்கொண்டு போனபோதும் வண்டி கட்டிக்கொண்டு போனார். அங்கே அவர்கள் பேசியது மழையைப் பற்றியும், கிணற்றில் எத்தனை அடி தண்ணீர் கிடக்கிறது என்பதைப் பற்றியும், எந்த மண்வெட்டி எத்தனை நாள் உழைத்தது என்பதைப் பற்றியும்தான். அத்தை இறந்தது யுத்தம் முடிகிற வருஷத்தில், ஒரு வைகாசியில். அப்பா சுடுகாடு வரை கூடவே நடந்தார். வேதத்தில் சேர்ந்தவர் என்று ஊரில் யாரும் அவரைத் தடுக்கவில்லை.